வெயில் காலத்துக்கு ஒரு வலைப்பின்னல் ஷ்ரக்: நூல் வாங்குவதிலிருந்து மடித்து வைப்பது வரை

ஷ்ரக் என்பது வேறு உடைக்கு மேல் போடும் கையுள்ள குட்டை மேலாடை. இந்த ஷ்ரக்கில் கழுத்துக்கும் கைக்கும் தனியாக வடிவம் கொண்டுவரும் வேலை கிடையாது. குரோஷே ஊசியால் நீளமான செவ்வகம் ஒன்று பின்னுகிறோம். அதை நீளவாக்கில் இரண்டாக மடித்து இரு முனையிலும் கொஞ்சதூரம் தைத்தால் அவை கைகள். நடுவில் தைக்காமல் விட்ட திறப்பின் ஒரு விளிம்பு கழுத்தில் உட்காரும், மறு விளிம்பு முதுகின் கீழே விழும். திறப்பைச் சுற்றி ஒரு பார்டர் போட்டால் உடை தயார்.

பலருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். செயினும் டபுளும் போட வருகிறவர்கள் எல்லோரும் செவ்வகத்தை முடித்துவிடுகிறார்கள். போட்டுப் பார்க்கும் நாளில்தான் முகம் வாடும். முழங்கைக்கு மேல் நிற்க வேண்டிய கை முழங்கையைத் தாண்டியிருக்கும். முதுகு இடுப்பு வரை இறங்கியிருக்கும். வலைப்பின்னல் தன் எடையிலேயே இறங்கும் துணி. மேஜையில் விரித்து அளந்த அளவு உடம்பில் அப்படியே நிற்காது. கீழே சொல்லும் நூல், ஊசி, அளவு, பார்டர் எல்லாமே அந்த இறக்கத்தை முன்கூட்டியே கணக்கில் வைத்துத் தீர்மானித்தவை.

1. முன்பே கை பழகியிருக்க வேண்டிய ஸ்டிச்கள்

செயின், ஸ்லிப் ஸ்டிச், சிங்கிள், டபுள் ஆகிய நான்கும் போதும். இங்கே சொல்லும் பெயர்கள் அமெரிக்க முறைப்படி. பிரிட்டிஷ் முறையில் எழுதிய புத்தகங்களில் இதே சிங்கிளை டபுள் என்றும், டபுளை ட்ரெபிள் என்றும் போட்டிருப்பார்கள். அப்படிக் கற்றவர் இந்த வழிகாட்டியைப் பார்த்து டபுள் போட்டால் வரிசை பாதி உயரம்தான் வரும், ஓட்டையே விழாது.

ஐயம் வராமல் இருக்க, இங்கே டபுள் என்பது இது: நூலை ஊசியில் ஒரு சுற்று சுற்றி, ஸ்டிச்சுக்குள் ஊசியை விட்டு நூலை இழுங்கள். ஊசியில் 3 லூப் இருக்கும். நூலைப் பிடித்து 2 லூப் வழியாக இழுங்கள். மறுபடி பிடித்து மீதி 2 லூப் வழியாக இழுங்கள்.

ஒரே இடத்தில் ஒரு டபுள், ஒரு செயின், இன்னொரு டபுள் போட்டால் ஆங்கில வி எழுத்துப் போல விரிந்து நிற்கும். அதை இனி ‘வி’ என்றே சொல்கிறேன். ஷ்ரக் முழுவதும் இதுதான். ஒரு டபுள், ஒரு செயின் என்று கட்டம் கட்டமாகப் போகும் வலையை விட இதை நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. கட்ட வலை ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுபடும். வியின் இரண்டு கால்களும் எதிரெதிராகச் சாய்ந்திருப்பதால் துணி கோணாது.

2. நூலும் ஊசியும்

பேன்சி ஸ்டோரில் முதலில் கண்ணில் படுவது தடித்த உல்லன் நூல். அது பெரும்பாலும் அக்ரிலிக். அதில் பின்னினால் வலை விறைத்து நிற்கும், நம் ஊர் வெயிலில் வேர்த்துக்கொட்டும். மெல்லிய பருத்தி நூலாகக் கேளுங்கள். 50 கிராம் கண்டில் 150 முதல் 180 மீட்டர் வரை இருக்கிற நூல் இதற்குச் சரி. லேபிளில் நூல்கண்டு படத்துக்குள் 1 அல்லது 2 என்ற எண் போட்டிருந்தால் அந்தத் தடிமனுக்கு அருகில் இருக்கும். மெர்சரைஸ்டு பருத்தி (பளபளப்பு வரப் பதப்படுத்தியது) வழுவழுப்பாக இருப்பதால் பஞ்சு பிரியாது, ஓட்டைகள் தெளிவாகத் தெரியும்.

மேஜை விரிப்புப் பின்னும் 20ஆம் நம்பர் மாதிரியான லேஸ் நூலில் செய்தால் இன்னும் மெல்லியதாக வரும். ஆனால் வரிசைகள் இரட்டிப்பாகும். முதல் ஷ்ரக்குக்கு அதை எடுக்க வேண்டாம். அதைத் தொடங்கிப் பாதியில் பெட்டிக்குள் வைத்துவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இவையும் வேண்டும்:

- 3.5 மி.மீ. குரோஷே ஊசி. அடிச் செயினுக்கு மட்டும் 4 மி.மீ.
- மழுங்கிய முனையும் பெரிய காதும் உள்ள தையல் ஊசி. கூர்மையான ஊசி நூலிழையைப் பிளந்துவிடும்.
- பத்து சேஃப்டி பின். வேறு நிற நூல் சில துண்டுகள்.
- இஞ்ச் டேப், கத்தரிக்கோல்.
- துரு ஏறாத குண்டூசிகள். சாதாரண குண்டூசியை ஈரப் பருத்தியில் குத்தினால் காலையில் பழுப்புப் புள்ளி இருக்கும். அது போகாது.

நடுத்தர அளவு ஷ்ரக்குக்கு மேலே சொன்ன நூலில் மூன்று கண்டு போதும். நான்காவது ஒன்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். எல்லாக் கண்டிலும் லாட் நம்பர் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஒரே நிறம், ஒரே கம்பெனி என்றாலும் லாட் மாறினால் சாயம் ஒரு துளி மாறும். வெயிலில் நின்றால் முதுகில் பட்டை தெரியும்.

அடர் சிவப்பு, நீலம், கருப்பு என்றால் ஒரு முழ நூலை நனைத்து வெள்ளைத் துணிக்குள் வைத்து அழுத்திப் பாருங்கள். வேறு உடைக்கு மேல் போடும் துணி இது. சாயம் விட்டால் வேர்வையில் அடியில் இருக்கிற குர்த்தி வீணாகும்.

3. உடம்பில் மூன்று அளவு

கை எவ்வளவு அகலம், திறப்பு எவ்வளவு நீளம், கை எவ்வளவு நீளம் ஆகிய மூன்றும் போதும். மெல்லிய உடை போட்டு நின்று வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். தானே அளந்தால் தோள் தூக்கிக்கொண்டு அளவு கூடிப்போகும்.

மேற்கையின் பருத்த இடத்தைச் சுற்றி அளந்து 13 செ.மீ. கூட்டுங்கள். இது செவ்வகத்தின் அகலம். மேற்கை 30 செ.மீ. என்றால் 43 செ.மீ. இந்த அகலமே முதுகின் ஆழமாகவும் வரும். அதனால்தான் 13 கூட்டுகிறோம். வெறும் 5 செ.மீ. கூட்டினால் கைக்குப் போதும், ஆனால் முதுகில் பட்டை மாதிரி நிற்கும்.

முதுகுப் பக்கம் ஒரு தோள் எலும்பிலிருந்து மறு தோள் எலும்பு வரை அளந்து 12 செ.மீ. கூட்டுங்கள். இது தைக்காமல் விடும் திறப்பு. தோள் 38 என்றால் 50 செ.மீ. இந்த 12 இல்லாவிட்டால் அக்குளில் இறுக்கும், கையை முன்னால் நீட்டவே முடியாது.

கை நீளம் உங்கள் விருப்பம். ஒரு கைக்கு 20 செ.மீ. வைத்தால் முழங்கைக்குச் சற்று மேலே முடியும். இரண்டு கையும் திறப்பும் சேர்த்து, நம் எடுத்துக்காட்டில் செவ்வகத்தின் நீளம் 90 செ.மீ.

4. மாதிரித் துண்டு

இதைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். ஒரு மாலை நேரம் இதற்குப் போனால் ஒரு வாரப் பின்னலைப் பிரிக்கிற வேலை மிச்சமாகும்.

4 மி.மீ. ஊசியால் 40 செயின் போடுங்கள். 3.5க்கு மாறி, ஆறு, ஏழாவது பகுதிகளில் சொல்லியிருக்கிறபடி 12 வி உள்ள வரிசைகளாக 15 வரிசை பின்னுங்கள். பின்னிய கையோடு அளக்காதீர்கள். தண்ணீரில் ஊறவைத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து, மெல்ல விரித்து நிழலில் காயவிடுங்கள். பருத்தி நனைந்து காய்ந்த பிறகு எந்த அளவில் நிற்கிறதோ அதுதான் நீங்கள் உடுத்தப்போகிற அளவு.

காய்ந்ததும் ஓரங்களை விட்டுவிட்டு நடுவில் 10 செ.மீ.க்குள் எத்தனை வி, எத்தனை வரிசை என்று எண்ணுங்கள். என் கையில் 7 வி, 9 வரிசை வருகிறது. இனி வரும் எண்ணிக்கை எல்லாம் அதன்படிதான். உங்களுக்கு 8 வி வந்தால் கை இறுக்கம்; 4 மி.மீ. ஊசியில் முயலுங்கள். 6 வந்தால் 3 மி.மீ. ஊசிக்குப் போங்கள். இறுக்கிப் பிடித்தோ தளர்த்திப் பிடித்தோ சரிக்கட்டலாம் என்று நினைக்காதீர்கள். நான்கு வரிசைக்கு மேல் கை தன் பழக்கத்துக்குத் திரும்பிவிடும்.

அடுத்தது இறக்கச் சோதனை. இதை எந்த லேபிளும் சொல்லாது. மாதிரித் துண்டின் முதல் வரிசைப் பக்கத்தைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, கீழ் விளிம்பில் இரண்டு துணிக் கிளிப்பை எடைக்காக மாட்டி, ஒரு இரவு விடுங்கள். காலையில் அளந்தால் 17 செ.மீ. உயரம் 18 ஆகியிருக்கலாம். கையும் இதே திசையில்தான் தொங்கும். அப்படியானால் 20 செ.மீ. கைக்கு 18 வரிசை என்ற கணக்கை 17 ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்று செ.மீ.க்கு மேல் இறங்கினால் வரிசையைக் குறைத்துப் பயனில்லை. நூலுக்கு ஊசி பெரிதாக இருக்கிறது, ஒரு அளவு சிறியதை எடுங்கள்.

நூல் போதுமா என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். 10 மீட்டர் அளந்து அந்த இடத்தில் வேறு நிற நூலைக் கட்டி, அது வரும் வரை எத்தனை வி போட்டீர்கள் என்று எண்ணுங்கள். எனக்கு 80 வருகிறது. செவ்வகத்தில் 30 வி, 81 வரிசை என்றால் 2430 வி; அதாவது சுமார் 305 மீட்டர். பார்டருக்கும் தையலுக்கும் மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் 400 மீட்டரைத் தாண்டும்.

5. எண்ணிக்கையைக் கணக்கிடுவது

அகலம் 43 செ.மீ., 10 செ.மீ.க்கு 7 வி என்றால் 30 வி. வியின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். கை விளிம்பில் ஷெல் (ஒரே இடத்தில் 5 டபுள் போட்டு வரும் விசிறி வடிவம்) போடும்போது மிச்சம் விழாமல் இருக்க இது தேவை.

அடிச் செயின் எண்ணிக்கை: வியை மூன்றால் பெருக்கி நான்கைக் கூட்டுங்கள். 30 வி என்றால் 94 செயின்.

வரிசை: கைக்கு 18, திறப்புக்கு 45, மறு கைக்கு 18. மொத்தம் 81. திறப்பின் வரிசை எண்ணிக்கை மூன்றால் வகுபட வேண்டும். பார்டர் அதை நம்பித்தான் இருக்கிறது.

மேற்கை 38, தோள் 42 உள்ளவருக்கு அகலம் 51 செ.மீ.; அதற்கு 36 வி, 112 செயின். திறப்பு 54 செ.மீ.; அதற்கு 48 வரிசை. கை நீளம் அதேதான் என்றால் 18, 48, 18. எண்களை ஒரு தாளில் எழுதி நூல் பையிலேயே போட்டு வையுங்கள். இரண்டு நாள் கழித்து எடுத்தால் நினைவில் இருக்காது.

6. அடிச் செயினும் முதல் வரிசையும்

4 மி.மீ. ஊசியால் 94 செயின். ஒவ்வொரு 20 செயினுக்கும் ஒரு சேஃப்டி பின் மாட்டினால் முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்காது. பெரிய ஊசியில் போடுவதற்குக் காரணம், செயின் எப்போதும் வரிசையை விட இறுக்கமாக விழும். அதே ஊசியில் போட்டால் தொடக்க விளிம்பு 38 செ.மீ., மேலே 43 செ.மீ. என்று முறம் மாதிரி விரியும். அந்த இறுக்கமான விளிம்பு ஒரு கையில் மட்டும் வரும் என்பதால் போட்டதும் தெரிந்துவிடும்.

3.5 மி.மீ. ஊசிக்கு மாறுங்கள். ஊசியிலிருந்து எண்ணி 5ஆவது செயினில் முதல் வி. தாண்டிய செயின்களில் ஊசிக்குப் பக்கத்திலுள்ள மூன்றும் சேர்ந்து ஓர டபுளாகக் கணக்கு. பிறகு 2 செயின் விட்டு அடுத்த செயினில் வி. இப்படியே கடைசி வரை. 30ஆவது வி முடிந்ததும் 2 செயின் மீதி இருக்கும். ஒன்றை விட்டுவிட்டு, கடைசிச் செயினில் ஒரு டபுள்.

இரண்டு செயின் மீதி இல்லையென்றால் எண்ணிக்கை எங்கோ தவறியிருக்கிறது. இங்கேயே நின்று பாருங்கள். ஒரு செயின் கூடியிருந்தால் தொடக்க முடிச்சுப் பக்கம் பிரித்துவிடலாம். குறைந்திருந்தால் பிரித்து மறுபடி போடுவதுதான் வழி.

7. செவ்வகத்தைப் பின்னுவது

இரண்டாவது வரிசை: 3 செயின் போட்டுத் திரும்புங்கள், அது ஓர டபுள். கீழ் வரிசையின் ஒவ்வொரு வியின் நடுவிலுள்ள ஒரு செயின் இடைவெளிக்குள் ஊசியை விட்டு வி போடுங்கள். கடைசியில், கீழ் வரிசையின் திருப்புச் செயினில் மூன்றாவது செயினில் ஒரு டபுள். 81 வரிசையும் இதுவே.

இங்கே எல்லோரும் தவறுவது அந்தக் கடைசி டபுளில்தான். திருப்புச் செயின் மூன்றும் கயிறு மாதிரி ஒட்டிக்கொண்டு கண்ணில் படாமல் போகும். கடைசி வியோடு திரும்பிவிடுவார்கள். பத்து வரிசைக்குள் ஓரம் உள்ளே சரியத் தொடங்கும். ஒவ்வொரு முறையும் 3 செயின் போட்டுத் திரும்பியவுடன் மூன்றாவது செயினில் சேஃப்டி பின்னை மாட்டிவிடுங்கள். திரும்பி வரும்போது அந்தப் பின் இருக்கிற இடத்தில்தான் டபுள். பத்து வரிசை போனால் கண் தானாகப் பழகிவிடும்.

இரண்டாவது தவறு, வியின் நடுவில் போகாமல் இரண்டு விக்கு இடையில் உள்ள பெரிய ஓட்டைக்குள் ஊசியை விடுவது. அந்த ஓட்டைதான் கைக்கு வசதியாகத் தெரியும். அப்படிப் போட்டால் ஒரு வி குறையும், வலையின் ஒழுங்கும் உடையும். ஐந்து வரிசைக்கு ஒருமுறை வியை எண்ணுங்கள். 30 இல்லையென்றால் ஐந்து வரிசைதான் பிரிக்க வேண்டியிருக்கும்.

புதுக் கண்டு சேர்ப்பது எப்போதும் ஓரத்தில்தான். வரிசையின் கடைசி டபுளில், கடைசி 2 லூப் வழியாக இழுக்கும்போது புது நூலைப் பிடித்து இழுங்கள். இரண்டு நூலுக்கும் ஒரு சாண் வால் விடுங்கள். வரிசை நடுவில் முடிச்சுப் போட்டால் வலையில் அதை மறைக்க இடமே இல்லை, முதுகில் பரு மாதிரி தெரியும். ஓரத்தில் இருந்தால் கைப் பகுதியில் தையலும், நடுப் பகுதியில் பார்டரும் அதை மூடிவிடும். வரிசை முடிய நூல் போதுமா என்று தெரியவில்லையா? துணியின் அகலத்தைப் போல குறைந்தது பத்து மடங்கு நூல் கையில் இருந்தால் தொடங்குங்கள்.

18ஆவது வரிசை முடிந்ததும் இரு ஓரத்திலும் வேறு நிற நூலைக் கட்டுங்கள். 63ஆவது வரிசை முடிந்ததும் அப்படியே. தையல் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு இதுதான் அடையாளம்.

இந்தச் செவ்வகத்தை ஒரு கை விளிம்பில் தொடங்கி மறு கை நோக்கிப் பின்னுவதால் நடுவிலேயே போட்டுப் பார்க்கலாம். 63 வரிசை முடிந்த நிலையில் 40, 41ஆவது வரிசைகளைப் பின்கழுத்து நடுவில் வைத்து, முடிந்த பக்கத்தைக் கையைச் சுற்றி இரண்டு மூன்று பின் போட்டுக் கண்ணாடியில் பாருங்கள். கை நீளம் கூடுதலாகத் தெரிந்தால் அந்தப் பக்கம் அடியிலிருந்து பிரிக்க முடியாது. ஆனால் எவ்வளவு கூடுகிறது என்பது தெரிந்துவிடும். ஓரிரு செ.மீ. என்றால் கை விளிம்பில் ஷெல் போடாமல் விட்டுச் சரிசெய்யலாம். அதற்கு மேல் போனால், மனசு வலித்தாலும், பிரித்துத் தொடங்குங்கள்.

நிதானமாகப் பின்னினால் ஒரு வரிசைக்கு ஆறேழு நிமிடம் பிடிக்கும். புதியவருக்கு அதைப் போல இரண்டு மடங்கு.

8. தைக்கும் முன் நனைத்து விரிப்பது

இதற்குப் பிளாக்கிங் என்று பெயர். தைத்த பிறகு செய்தால் துணி இரட்டையாக இருக்கும், கையின் மடிப்பு கோடாகப் பதியும். அதனால் இப்போதே செய்ய வேண்டும்.

குளிர்ந்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, இரண்டு கையாலும் அடியில் தாங்கித் தூக்குங்கள். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் தண்ணீரின் எடையில் அங்கேயே நீண்டுவிடும். முறுக்கிப் பிழியக் கூடாது. துண்டின் மேல் விரித்து, பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, மேலே அழுத்துங்கள்.

பழைய மெத்தையிலோ தடித்த ஜமக்காளத்திலோ துண்டு விரித்து, அதன் மேல் செவ்வகத்தை 90க்கு 43 அளவில் பரப்புங்கள். முதலில் நான்கு மூலை, பிறகு ஒவ்வொரு பக்கத்தின் நடு, பிறகு இடைவெளிகள் என்ற வரிசையில் குண்டூசி குத்துங்கள். ஒரு பக்கமாகக் குத்திக்கொண்டே போனால் மறு பக்கம் கோணும். மின்விசிறிக் காற்றில் முழுதாகக் காயும் வரை எடுக்காதீர்கள்.

அக்ரிலிக் நூலில் பின்னியிருந்தால் இஸ்திரிப் பெட்டியை அதன் மேல் வைக்கவே வேண்டாம். இழை உருகித் தட்டையாகிவிடும், திரும்ப வராது.

9. மடித்துத் தைப்பது

நீளமான இரண்டு ஓரங்களும் ஒன்றோடொன்று சேரும்படி மடியுங்கள். இப்போது 90 செ.மீ. நீளம், சுமார் 21 செ.மீ. அகலம். தைக்க வேண்டியது சேர்ந்து நிற்கும் இந்த நீள ஓரத்தை. புதியவர்கள் பலரும் குட்டையான முனைகளைத் தைத்துவிடுகிறார்கள். அப்படித் தைத்தால் கை நுழைய வழியில்லாத பை கிடைக்கும். தைக்கும் முன் முனைக்குள் கையை விட்டுப் பாருங்கள். சட்டைக் கை மாதிரி கை வெளியே வந்தால் மடிப்பு சரி.

ஒரு முனையிலிருந்து அடையாள நூல் வரை, அதாவது 18 வரிசை, பின் போட்டுச் சேருங்கள். முதல் வரிசைக்கு எதிரே முதல் வரிசை, இரண்டாவதுக்கு எதிரே இரண்டாவது என்று வர வேண்டும். இரண்டு ஓரமும் ஒரே வரிசைகளின் முனைகள் என்பதால் கணக்குத் தவறவே வழியில்லை.

மழுங்கிய ஊசியில் அதே நூலைக் கோத்து, வரிசைக்கு இரண்டு முறை ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தையுங்கள். ஐந்து செ.மீ.க்கு ஒருமுறை தையலை நீளவாக்கில் இழுத்து விடுங்கள். வலை இழுபடும்போது தையலும் சேர்ந்து இழுபட வேண்டும். இறுக்கித் தைத்தால் போட்ட முதல் வாரத்திலேயே தையல் நூல் அறும். அல்லது கை அடியில் சுருக்கு விழும். ஸ்லிப் ஸ்டிச்சால் சேர்ப்பவர்களும் உண்டு. அது அக்குளில் முகடு மாதிரி உறுத்துவதால் நான் செய்வதில்லை.

அடையாள நூல் வந்ததும் அதே இடத்தில் மூன்று முறை சுற்றி நிறுத்துங்கள். கையைத் தூக்கும்போதெல்லாம் பாரம் விழுவது இந்தப் புள்ளியில்தான். மறு பக்கமும் இதேபோல்.

10. திறப்பைச் சுற்றிய பார்டர்

பார்டர் இல்லாமல் போட்டால் ஷ்ரக் தோளை விட்டு வழுக்கிக்கொண்டே இருக்கும். முன்பக்கம் மடிந்து நிற்பதும், பின்கழுத்தில் பிடித்து நிற்பதும் பார்டரின் வேலை. இதைச் சுற்றாகப் பின்னுகிறோம், திருப்ப வேண்டாம்.

முதல் சுற்று: தையல் முடிந்த ஒரு புள்ளியில் நூலைச் சேர்த்து 1 செயின். ஒவ்வொரு வரிசையின் ஓரத்திலும், ஓர டபுளைச் சுற்றி 2 சிங்கிள். ஒரு பக்கம் 90, மறு பக்கம் 90, ஆக 180. தையல் புள்ளியில் எதுவும் போட வேண்டாம். ஸ்லிப் ஸ்டிச்சால் மூடுங்கள்.

இங்கே நிறுத்தி, திறப்பைத் தரையில் பரப்பிப் பாருங்கள். விளிம்பு அலை அலையாக எழும்பினால் சிங்கிள் அதிகம். உள்ளே இழுத்துச் சுருங்கினால் குறைவு. அலை வந்தால் பிரித்து, மூன்று வரிசைக்கு 5 சிங்கிள் என்று போடுங்கள், 150 வரும். எந்த எண்ணாக இருந்தாலும் ஆறால் வகுபட வேண்டும். அலையை அடுத்த சுற்றுகள் சரிசெய்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் அது பெருகத்தான் செய்யும்.

இரண்டாவது சுற்று: 4 செயின் போட்டு, அதே ஸ்டிச்சில் ஒரு டபுள், இது முதல் வி. பிறகு 2 சிங்கிள் விட்டு அடுத்ததில் வி. மொத்தம் 60. தொடக்க 4 செயினில் மூன்றாவதில் ஸ்லிப் ஸ்டிச்.

மூன்றாவது, நான்காவது சுற்று: ஸ்லிப் ஸ்டிச்சால் முதல் வியின் நடு இடைவெளிக்கு நகர்ந்து, 4 செயின், அங்கேயே ஒரு டபுள். பிறகு ஒவ்வொரு விக்குள்ளும் வி. முன்போலவே மூடுங்கள். இந்த நகர்வை மறந்தால் சுற்று ஆரம்பிக்கும் இடம் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, சாய்ந்த கோடு தெரியும்.

ஐந்தாவது சுற்று: முதல் வியின் நடுவுக்கு நகர்ந்து 1 செயின், ஒரு சிங்கிள். அடுத்த விக்குள் 5 டபுள், அதற்கடுத்த விக்குள் ஒரு சிங்கிள். இப்படியே போனால் 30 ஷெல் வந்து, கடைசி ஷெல்லுக்குப் பிறகு முதல் சிங்கிளில் ஸ்லிப் ஸ்டிச்சோடு முடியும். எண்ணிக்கை சரியாக இருந்தால் இரண்டு ஷெல் ஒட்டி நிற்கிற இடமே இருக்காது.

பார்டர் இப்போது ஏறக்குறைய 5 செ.மீ. கழுத்தில் மடித்துக் காலர் போலப் போட ஆசைப்படுகிறவர்கள் நான்காவது சுற்றை இன்னும் இரண்டு முறை பின்னலாம். அதற்கு மேல் வேண்டாம். பார்டரின் எடை கூடினால் முன்பக்கம் இழுத்துக்கொண்டு இறங்கும்.

11. கை விளிம்புகள்

தையலில் நூலைச் சேர்த்து 90 சிங்கிள். தொடக்கச் செயின் உள்ள கையில் செயினுக்கு ஒன்று, தையலை ஒட்டிய ஓரச் செயின் ஒன்றை விட்டுவிட்டால் 90 வரும். கடைசி வரிசை உள்ள கையில் ஒவ்வொரு விக்கும் மூன்று: இரண்டு டபுளின் தலையிலும் ஒவ்வொன்று, நடு இடைவெளியில் ஒன்று.

அடுத்த சுற்று: ஒரு சிங்கிள், 2 விட்டு அடுத்ததில் 5 டபுள், 2 விட்டு மறுபடி சிங்கிள். 15 ஷெல் வரும். இரண்டு கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொடக்கச் செயின் பக்கம் இறுக்கமாகத் தெரிந்தால் அந்தக் கைக்கு மட்டும் 4 மி.மீ. ஊசியில் இந்த இரண்டு சுற்றையும் போடுங்கள்.

12. நூல் வால்களை ஒளிப்பது

வலையில் வாலை நேராக ஓட்டினால் ஓட்டையில் தெரியும், துவைத்ததும் வெளியே வரும். பார்டரின் சிங்கிள் சுற்றுக்குள்ளோ கைத் தையலுக்குள்ளோ மட்டும் ஓட்டுங்கள். ஒரு பக்கம் 4 செ.மீ. போய், ஒரு இழையைத் தாண்டித் திரும்பி 3 செ.மீ. வந்து, மறுபடி திரும்புங்கள். மூன்று திசை மாறினால் வழுக்குகிற மெர்சரைஸ்டு நூல்கூட நிற்கும். வெட்டும் முன் துணியை ஒருமுறை இழுத்து விட்டு, பிறகு வெட்டுங்கள். வால் விறைப்பாக இருக்கும்போதே வெட்டினால் முனை உள்ளே போகாமல் நீட்டிக்கொண்டிருக்கும்.

தையல் முடியும் புள்ளியில், பார்டருக்கு அடியில், சின்ன ஓட்டை இருக்கும். பார்டர் தொடங்கிய வாலால் அதைச் சுற்றி நான்கு இழை எடுத்து மெல்ல இழுத்தால் மூடிக்கொள்ளும். மறு பக்கத்துக்கு ஒரு துண்டு நூல் போதும்.

13. போடுவதும் வைப்பதும்

செவ்வகம் என்பதால் மேல் கீழ் என்று இல்லை. ஒருமுறை கழுத்தில் வந்த பார்டரை அடுத்தமுறை கீழே வரும்படி போட்டால் இரண்டு பக்கமும் சமமாக இழுபடும். கம்மல் கொக்கி, ஜிமிக்கி, கல் வைத்த வளையல் எல்லாம் வலையில் மாட்டும். ஷ்ரக்கைப் போட்ட பிறகு அவற்றைப் போடுங்கள், கழற்றும்போது முதலில் அவற்றைக் கழற்றுங்கள். ஒரு இழை மாட்டி வெளியே வந்துவிட்டால் வெட்டாதீர்கள். அக்கம்பக்கத்து விகளை விரலால் இழுத்து விட்டால் உள்ளே போய்விடும்.

கையில் துவைத்து, படுக்கவைத்தே காயவிடுங்கள். ஹேங்கரில் மாட்டினால் ஒரே மாதத்தில் தோள் இருந்த இடத்தில் இரண்டு மேடு நிற்கும், கையும் இறங்கியிருக்கும். மடித்து, பீரோவில் கனமான புடவைகளுக்கு மேலே வையுங்கள்.